மளிகைச் சீட்டும் லாவோ மொழியும்

லாவோ மொழி படிக்கிறேன் என்று சொன்னால் நண்பர்கள் முதலில் சிரிக்கிறார்கள். சிரித்து ஓய்ந்ததும், "அது தெரிந்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். சிரிப்புக்கு விடை கூற வேண்டியதில்லை; கேள்விக்குக் கூறத்தான் வேண்டும். வேலை கிடைக்காது. ஜெர்மன் படித்தவன் மேற்படிப்புக்குப் போகிறான். ஜப்பானிய மொழி படித்தவன் தொழிற்சாலைக்குப் போகிறான். லாவோ படித்தவன் மீண்டும் தன் விடுதி அறைக்கே போகிறான். ஆயினும் ஒன்றரை ஆண்டாக நாள்தோறும் முக்கால் மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கி வருகிறேன். ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை, தேர்வும் இல்லை. கிடைத்தது என்ன என்பதை மன்றத்து நண்பர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன். முடிவில் ஒரு வேண்டுகோளும் உண்டு.

நான் இயற்பியல் மாணவன். எம்.எஸ்ஸி. முதல் பருவத்தில், மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் உலோகத்தை மின்காந்தத் தூண்டலால் கண்டறியும் முறைபற்றிக் கருத்தரங்கில் பேச நேர்ந்தது. அதற்காகப் புரட்டிய கட்டுரைகளில் மீண்டும் மீண்டும் ஒரு நாட்டின் பெயர் வந்தது: லாவோஸ். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அந்நாட்டின்மேல் ஏறத்தாழ 5,80,000 முறை பறந்து, 20 இலட்சம் டன்னுக்கு மேல் குண்டுகளைப் போட்டன. கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் ஏறத்தாழ 27 கோடி. அவற்றுள் 8 கோடி வரை வெடிக்காமல் மண்ணிலேயே தங்கிவிட்டன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பல ஒரு டென்னிஸ் பந்தின் அளவே இருக்கும். பந்து என்று எண்ணி எடுத்து விளையாடிய குழந்தைகள் எத்தனையோ பேர்.

கருத்தரங்கில் சுருளைப்பற்றியும் அதிர்வெண்ணைப்பற்றியும் பேசினேன். கை தட்டினார்கள். அன்று இரவு உறக்கம் வரவில்லை. வயலில் கிடக்கும் அந்தப் பந்தைக் காட்டி, "அதைத் தொடாதே" என்று ஒரு தாய் தன் குழந்தைக்குச் சொல்வாள் அல்லவா? எந்தச் சொல்லால் சொல்வாள்? தேடினேன். 'பொம்பி' என்பது அதன் பெயர். அயல்மொழிக் குண்டுக்கு ஊரார் இட்ட செல்லப் பெயர்போல ஒலிக்கிறது. ஒரு சொல்லைத் தேடப் போனவன் அந்த மொழியிலேயே தங்கிவிட்டேன்.

லாவோஸ் நாட்டு மக்கள்தொகை 70 இலட்சத்துக்கு மேல். அந்த நாட்டில் இருப்போரைவிட, மீகாங் ஆற்றுக்கு இக்கரையில், தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியாகிய ஈசானில் லாவோ பேசுவோரே அதிகம். அத்தனை பேர் பேசும் மொழிக்குத் தனியே கற்கக் கிடைக்கும் நூல்கள் மிகச் சில. கினியார் என்ற பாதிரியாரின் பிரெஞ்சு அகராதி 1912-இல் வந்தது. ஆலன் கெர் தொகுத்த ஆங்கில அகராதி 1972-இல் வந்தது. என்பீல்டு எழுதிய விரிவான இலக்கணம் 2007-இல் வந்தது. தொடக்க மாணவனுக்கு உதவுவன அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சிக் கழகம் வெளியிட்ட பாடங்களே. வாரன் யேட்ஸும் சூக்சொம்பூன் சயசித்சேனாவும் சேர்ந்து எழுதியவை அவை. லாவோ எழுத்தைப் படிக்கக் கற்பிக்கும் அவர்களுடைய நூல் 1970-இல் வெளிவந்தது. இன்று யார் வேண்டுமானாலும் அவற்றை விலையின்றி எடுத்துக் கொள்ளலாம்.

அந்த ஆண்டைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஓர் அரசின் ஒரு துறை ஒரு மக்களின் மொழியை இவ்வளவு பொறுமையோடு, "வீடு எங்கே? விலை என்ன?" என்று சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தது. அதே ஆண்டில் அதே அரசின் விமானங்கள் அந்த மக்களின் வீட்டின்மேல் பறந்து கொண்டிருந்தன. பாடத்தைத் திறக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. மொழியை அறிவது மட்டும் அன்பாகிவிடாது என்பதை நான் முதலில் கற்றது இந்த நூலின் அட்டையிலிருந்துதான். நூலைக் குறை கூறவில்லை. நல்ல நூல். அதை எழுதிய இருவரும் நல்ல ஆசிரியர்கள். ஆனால் ஒரு மொழியைக் கற்பவன், "எதற்காகக் கற்கிறேன்?" என்று தன்னைக் கேட்டுக் கொள்ள வேண்டும். 'வேலை கிடைக்குமா' என்பதைவிட இது பெரிய கேள்வி அன்றோ?

இனி எழுத்துக்கு வருவோம். லாவோ எழுத்தைக் கண்டு வட நாட்டு நண்பர்கள் மிரண்டு போகிறார்கள். தமிழன் மிரள வேண்டியதில்லை. 'கெ' என்று எழுதும்போது ஒலியில் பின்னால் வரும் எகரத்துக்கு உரிய கொம்பை முன்னால் போடுகிறோம். 'கொ' என்றால் முன்னும் பின்னும் போடுகிறோம். லாவோவிலும் அப்படியே. உயிர்க்குறிகள் மெய்க்கு முன்னும் பின்னும் மேலும் கீழும் வரும். அரிசிக்கும் சோற்றுக்கும் அவர்கள் சொல்லும் 'க்ஹாவ்' என்ற சொல்லில் ஒரே மெய்யைச் சுற்றி நான்கு குறிகள் நிற்கின்றன. பந்தியில் ஓர் இலையைச் சுற்றி நான்கு பேர் பரிமாறுவதைப் போல. (மூச்சுக் கலந்த ககரத்தை 'க்ஹ' என்று எழுதுகிறேன்; நம் எழுத்தில் அதற்கு வேறு வழியில்லை.)

இந்த ஒற்றுமை தற்செயலானதன்று. லாவோ எழுத்து பழைய கெமர் எழுத்தின் வழியில் வந்தது. கெமர் எழுத்தோ தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்ற பல்லவர் கால எழுத்தின் வழியில் வந்தது. இதைச் சொன்னதும், "பார்த்தாயா, நாம் கொடுத்தது!" என்று மார்தட்டத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். வாங்கிய எழுத்தைக் கொண்டு, நமக்குக் கனவிலும் தோன்றாத ஒன்றை அவர்கள் எழுதிக் காட்டினார்கள். அதுதான் தொனி.

'கை' என்று சொல்கிறேன். நமக்கு ஒரு பொருள்தான். வியன்டியன் நகரத்தாருக்கு மூன்று. குரலைத் தாழ்வாக வைத்துச் சொன்னால் 'தொலைவு'. இறக்கி விழவிட்டால் 'அருகு'. நடுவில் மட்டமாக நிறுத்தினால் 'கோழி'. 'மா' என்பது ஒரு குரலில் 'வா', வேறொரு குரலில் 'நாய்', இன்னொரு குரலில் 'குதிரை'. வியன்டியன் பேச்சில் ஆறு தொனிகள் என்பர் சிலர். ஐந்து என்பர் சிலர். எழுத்துகள் உயர்வகை, இடைவகை, தாழ்வகை என மூன்றாகப் பிரிந்திருக்கும். எழுத்தின் வகை, மேலே இருக்கும் குறி, அசையின் நீளம், அது முடியும் ஒலி ஆகிய யாவும் சேர்ந்து தொனியை முடிவு செய்யும். மூன்று வரிசை, ஐந்து பத்தி, பதினைந்து கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்றை வரைந்து கட்டிலுக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன். என் அறைத் தோழன் அதைத் தனிம வரிசை அட்டவணையின் ஏழைத் தம்பி என்று அழைக்கிறான்.

ஆசிரியர் இல்லாதவனுக்குத் தன் தொனி சரியா என்று எப்படித் தெரியும்? இங்கே என் படிப்பு கை கொடுத்தது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக் கழகத்தார் இருவர் உருவாக்கிய 'பிராட்' என்ற மென்பொருள் குரலின் அதிர்வெண்ணைக் கோடாக வரைந்து காட்டும். பாடத்து ஒலிநாடாவில் பேசுபவரின் கோட்டை மேலேயும் என் கோட்டைக் கீழேயும் வைத்து ஒப்பிடுவேன். அவர் குரல் வேறு, என் குரல் வேறு. எண்கள் ஒத்துப் போகா. ஆனால் ஏறும் இடத்தில் ஏறி, விழும் இடத்தில் விழுந்தால் போதும். உயரம் அன்று, வடிவமே சொல்.

இத்தொனிகள் எங்கிருந்து வந்தன என்று படித்தபோதுதான் என் வியப்பு பெரிதாயிற்று. லாவோவில் இன்று தாழ்வகை எனப்படும் எழுத்துகளிற் பல, ஒரு காலத்தில் 'கங்கை'யின் முதலெழுத்தைப் போலக் கனத்து ஒலித்தவை. காலப்போக்கில் கனம் போய்விட்டது. ஆனால் கனத்த ஒலிக்கும் மெலிந்த ஒலிக்கும் இருந்த வேறுபாடு போகவில்லை. அது குரலின் ஏற்ற இறக்கத்தில் குடியேறிவிட்டது. வியட்நாமிய மொழியின் தொனிகளும் அவ்வாறு மறைந்த மெய்யொலிகளின் சுவடுகளே என்று பிரெஞ்சு அறிஞர் ஓத்ரிக்கூர் 1954-இல் விளக்கினார். ஆற்றல் அழிவதில்லை, உருமாறுகிறது என்று நாங்கள் படிக்கிறோம் அல்லவா? மொழியிலும் சில வேறுபாடுகள் அழிவதில்லை, இடம் மாறுகின்றன.

இவ்விதியைக் கையில் வைத்துக் கொண்டு பார்த்தால், முன்பின் தெரியாத சொற்கள் வேடம் கலைத்து நம் முன் நிற்கும். 'குரு' அங்கே 'க்ஹூ' ஆகி ஆசிரியரைக் குறிக்கிறது. 'நகரம்' 'நக்ஹோன்' ஆயிற்று. 'ஆகாரம்' 'ஆஹான்' ஆயிற்று. சொல்லின் இறுதியில் ரகரம் நில்லாது, னகரமாகிவிடும். 'வித்தியா சாத்திரம்' என்பது 'வித்ஹயாசாத்'. அதுதான் அவர்களுக்கு அறிவியல்! கிழமைகளைக் கேளுங்கள்: ஞாயிறு 'ஆத்ஹித்', நம் ஆதித்தன். திங்கள் 'சன்', சந்திரன். செவ்வாய் 'அங்க்ஹான்', அங்காரகன். புதன் 'ப்ஹுத்'. வெள்ளி 'சுக்', சுக்கிரன். இவையெல்லாம் வடமொழியும் பாலியும் தந்த சொற்கள். நமக்கும் அவர்களுக்கும் ஒரே வீட்டிலிருந்து வந்த விருந்தாளிகள் எனலாம். வந்த விருந்தினரை ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் வீட்டு உடையை உடுத்தி உட்கார வைத்திருக்கிறார்கள்.

நம் பாலபாடத்தில் தக்க படம் கிடைக்காமல் திண்டாடும் ஙகரம் அங்கே ராஜாவாக இருக்கிறது. 'ஙுவா' என்றால் மாடு. 'ஙாம்' என்றால் அழகு. 'ஙாய்' என்றால் எளிது. நமக்கு ஙகரத்தைச் சொல்லத் தெரியும். சொல்லின் முதலில் வைத்துச் சொல்லத்தான் துணிவு வேண்டும்.

ஆங்கிலத்தின் வழியாக லாவோ படிக்கும் தமிழனுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. லாவோ மக்கள் ஒருவரை ஒருவர் உறவுமுறை சொல்லியே அழைப்பர். வயதில் மூத்தவன் 'ஆய்', மூத்தவள் 'உவாய்', இளையவர் ஆணாயினும் பெண்ணாயினும் 'நோங்'. முன்பின் அறியாதவரைக்கூட வயதைக் கணித்து இப்படித்தான் அழைக்க வேண்டும். 'சகோதரன்' என்ற ஒரே சொல்லை வைத்துக் கொண்டிருக்கும் ஆங்கில மாணவனுக்கு இதைப் புரிய வைக்கப் பத்தி பத்தியாக விளக்கம் வேண்டும். நமக்கோ மூன்று சொல் போதும்: அண்ணா, அக்கா, தம்பி. பேருந்தில் பக்கத்தில் இருப்பவரிடம், "அண்ணே, சற்று நகருங்கள்" என்று சொல்லி வளர்ந்தவனுக்கு இந்தப் பாடம் எதற்கு? அந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளியபோது, பாதி லாவோ என் வீட்டிலேயே எனக்குத் தெரிந்திருந்தது என்று தோன்றியது.

'ச்சை' என்பது அவர்கள் சொல்லில் நெஞ்சம். நெஞ்சு நன்றாயிருப்பது மகிழ்ச்சி. நெஞ்சு கெடுவது வருத்தம். நெஞ்சுக்குள் நுழைவதுதான் புரிந்து கொள்வது. 'க்ஹாவ் ச்சை' என்பர். சூடான நெஞ்சு பொறுமையின்மை; குளிர்ந்த நெஞ்சு அமைதி. பிறர்க்கு உதவும் நல்ல மனத்தை 'நாம் ச்சை' என்பர். 'நாம்' என்றால் நீர். நெஞ்சின் நீர்! இதை ஆங்கில அகராதி 'தாராள குணம்' என்ற பொருளில் விளக்கி நிறுத்திக் கொள்கிறது. நாமோ விளக்கமே இன்றி, "அவர் நெஞ்சில் ஈரம் உள்ளவர்" என்று சொல்லிவிடுவோம். அகராதி இரண்டு மலைகளைச் சுற்றிக் கொண்டு போகும் இடத்துக்குத் தமிழில் ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கிறது.

நூலில் கற்ற மொழி நாவில் நிற்குமா? கடந்த மார்கழியில் புத்தகயைக்குச் சென்றிருந்தேன். போதி மரத்தருகே லாவோஸிலிருந்து வந்த யாத்திரிகர் கூட்டம் ஒன்று அமர்ந்திருந்தது. ஒரு மூதாட்டியின் அருகில் சென்று 'சபாய் தீ' என்று வணங்கி, 'மே' என்று அழைத்தேன். மே என்றால் அம்மா. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் கேட்ட முதற் கேள்வி, "கின் க்ஹாவ் லேவ் போ?" என்பது. சாப்பிட்டாயா? ஊர் எது, பெயர் எது, எப்படி எங்கள் மொழி தெரியும் என்பதெல்லாம் பிறகுதான் வந்தன. ஒன்றரை ஆண்டுப் படிப்பில் எனக்கு நடந்த ஒரே நேர்முகத் தேர்வு அது. விடை எளிது: "கின் லேவ்" - சாப்பிட்டாயிற்று. விடைபெறும்போது அவர் என்னை 'லூக்' என்றார். 'குழந்தாய்' என்று பொருள். அந்தச் சொல் உருண்டையான பொருள்களின் பெயருக்கு முன்னும் வரும். குண்டின் பெயருக்கு முன்னும் அதுவே வரும். கருத்தரங்குக்காகப் படித்த அந்த 8 கோடியும் அன்று எனக்கு எண்ணாகத் தெரியவில்லை.

இனி என் வேண்டுகோள். அதற்கு முன் என்னைப்பற்றி ஒரு சொல். நான் பிறந்து வளர்ந்தது கரக்பூர் இரயில்வே குடியிருப்பில். வீட்டில் தமிழ் பேசினோம். பள்ளியில் தமிழ் இல்லை. பதின்மூன்று வயதுவரை தமிழ் எழுத்து எனக்கு ஒரு கோலமே. அம்மா ஒவ்வொரு மாதமும் மளிகைச் சீட்டு எழுதி, ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு என் கையில் கொடுப்பார். கடைக்குப் போகும் வழியில் அதையே பார்த்துக் கொண்டு நடப்பேன். முதல் வரி துவரம் பருப்பு, இரண்டாம் வரி உளுத்தம் பருப்பு என்று நினைவில் இருந்தது. இரண்டு வரியிலும் கடைசியில் வரும் கோலம் ஒன்றுபோல் இருக்கிறதே. அப்படியானால் அதுதான் 'பருப்பு'! கடுகில் உள்ள 'க' கடலையிலும் இருக்கிறது. மிளகில் உள்ள 'மி' மிளகாயிலும் இருக்கிறது. ஓர் ஆண்டுக்குள் சீட்டு முழுவதும் வாசித்தேன். அடுத்த ஆண்டு வார இதழ் வாசித்தேன். இன்று இதை எழுதுகிறேன்.

லாவோ நூலைத் திறந்தபோது அதே முறையைக் கண்டேன். சிறு சிறு கட்டங்கள், ஒரு கட்டத்தில் ஒரே ஒரு புதிய செய்தி, ஒரு கேள்வி, விடையைத் தாளால் மறைத்துக் கொண்டு நாமே சொல்லிப் பார்த்துப் பிறகு திறந்து சரிபார்க்க வேண்டும். பெயர் பெரியது, பொருள் என் அம்மாவின் சீட்டுதான். அந்த அமெரிக்கப் பயிற்சிக் கழகம் தமிழையும் லாவோவையும் ஒரே வகையில் சேர்த்து, ஆங்கிலேயன் ஒருவன் தேர்ச்சி பெற 44 வாரம், 1,100 மணி நேரம் வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறது. ஆனால் வீட்டில் தமிழ் பேசுபவனுக்கு அந்த 1,100 மணியில் பெரும்பகுதி தொட்டிலிலேயே கழிந்துவிட்டது. எஞ்சியிருப்பது எழுத்து மட்டுமே. 247 என்று சொல்லிப் பயமுறுத்துகிறோம். உண்மையில் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், சில குறிகள். உகர ஊகார வரிசையில் மட்டும் சற்றுக் கண் பழக வேண்டும்.

நம் மன்றத்தில் என்னைப்போல் வெளி மாநிலங்களில் வளர்ந்தவர்கள் பலர். பேசுகிறார்கள், பாடுகிறார்கள், பொங்கல் விழாவில் நாடகம் நடிக்கிறார்கள், வசனத்தை வேறு எழுத்தில் எழுதி வைத்துக் கொண்டு. இந்த இதழ் அச்சாகி வந்தால் படங்களைப் பார்த்துவிட்டு மூடி வைக்கிறார்கள். 'கை' என்ற ஒரே ஒலி அருகையும் தொலைவையும் குறிப்பதுபோல, அவர்களுக்கு இந்த மொழி ஒரே நேரத்தில் அருகிலும் இருக்கிறது, தொலைவிலும் இருக்கிறது.

லாவோ நூலைப் பார்த்து, தமிழ் எழுத்துக்குச் சிறு கட்டங்களாக அறுபது தாள்கள் எழுதி வைத்திருக்கிறேன். முதல் தாள் மளிகைச் சீட்டு. நாளுக்கு ஒரு தாள், தாளுக்குக் கால் மணி. இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு மன்றத்து அறையில் இருப்பேன். கட்டணம் இல்லை, தேர்வு இல்லை, நான் ஆசிரியனும் இல்லை.

இக்கட்டுரை யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களால் இதைப் படிக்க முடியாது. ஆகையால், படித்து முடித்த நண்பரே, உம்முடைய பக்கத்து அறைக் கதவைத் தட்டி, இந்தப் பக்கத்தை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டும். கேட்டால் அவருக்குப் புரியும்.